இரண்டாவது சாவி

2019 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பிக் கிளம்புகிற அன்று சாயங்காலம், பையெல்லாம் கட்டி வைத்த பிறகு, அப்பா மெதுவாக வந்து "இந்த லேப்டாப்ப ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்" என்றார். ஐடியில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழக்கமான காட்சி இது. நான்கு நாள் ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்க மாட்டார்கள். பையன் லீவில் வந்திருக்கிறான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பொறுத்திருந்து, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கேட்பார்கள்.

லேப்டாப் நான் வாங்கிக் கொடுத்ததுதான். 4 ஜிபி மெமரி, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பாவின் புகார் மூன்று. பேப்பர் படிக்கத் திறந்தால் தொங்குகிறது. பேங்க் பக்கத்தில் ஓடிபி போடுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 93 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். பிரவுசர் என்ற ஒற்றை வரியின் பக்கத்தில் இருந்த சின்ன அம்பை அழுத்தினால், அதற்குள்ளிருந்து ஒரே பெயரில் 23 வரிகள் இறங்கின. அப்பா எட்டிப் பார்த்தார். "நான் ஒரு தடவதானடா திறந்தேன்" என்றார். தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு குரல்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மெமரி போதாதபோது விண்டோஸ் அதில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். அடுப்படியில் இடமில்லாமல் பாத்திரங்களைக் கொல்லையில் அடுக்கிவிட்டு, கரண்டிக்கும் தட்டுக்கும் ஓடி ஓடிச் சமைப்பது போல. அந்த ஓட்டம்தான் அப்பா சொன்ன தொங்கல்.

முறையாகச் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். குரோம் மாதிரி பிரவுசர்களுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது, ஷிப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் வரும். ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட் ப்ராசஸஸ்' என்று ஒரு பக்கம். எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, மாற்றத்தை அளந்து, காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகும் போதவில்லை என்றால், இன்னொரு 4 ஜிபி மெமரி வாங்கிப் போட வேண்டும்.

அன்று நான் அதைச் செய்யவில்லை. மூன்று காரியங்களை ஒரே மூச்சில் செய்தேன். அப்பா மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருந்த டேப்களை மூடினேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். மூன்றாவதாக, பிரவுசருக்குள் சாதாரண அமைப்புகளில் கண்ணில் படாத, பரிசோதனை செய்பவர்களுக்கான ஒரு பக்கம் உண்டு, அதைத் திறந்து 'சைட் ஐசொலேஷன்' என்ற ஒன்றை முடக்கினேன். அந்தப் பக்கத்தின் உச்சியிலேயே, இங்கே கை வைத்தால் உங்கள் பாதுகாப்பு குறையலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். அதைத் தாண்டிப் போவது எங்களுக்கெல்லாம் கைப்பழக்கம்.

லேப்டாப் வேகமானது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "என்னடா பண்ணின?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, சில செட்டிங்ஸ மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

*

ஒரு பிரவுசர் எதற்கு 23 ப்ராசஸாகப் பிரிந்து நிற்க வேண்டும்? இது தெரியாமல் நான் செய்தது என்ன என்று புரியாது.

பழைய சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களை நினைத்துக் கொள்ளலாம். ஒரு வீடு, ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரு கிணறு, ஒரு கழிப்பறை, நடுவே ஒரு முற்றம். செலவு குறைவு. ஆனால் ஒரு வீட்டுச் சண்டை எல்லோருக்கும் சண்டை, ஒரு வீட்டு அம்மை எல்லோருக்கும் அம்மை. 2008க்கு முந்தைய பிரவுசர்கள் ஏறக்குறைய இப்படித்தான். திறந்திருக்கும் எல்லாப் பக்கங்களும் ஒரே ப்ராசஸில் வாழும். ஏதோ ஒரு விளையாட்டுப் பக்கம் செத்தால், பாதி எழுதி வைத்திருந்த மின்னஞ்சலும் கூடவே சாகும்.

2008 செப்டம்பரில் கூகுள் குரோமை வெளியிட்டபோது, ஏன் இன்னொரு பிரவுசர் என்பதை விளக்க ஸ்காட் மெக்கிளவுட் என்ற ஓவியரை வைத்து ஒரு காமிக்ஸ் புத்தகமே போட்டார்கள். அதன் முக்கியமான செய்திகளில் ஒன்று, ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனி ப்ராசஸ். தனிக் குடித்தனம். ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் இந்த இடத்துக்கு வந்துசேர ரொம்பக் காலம் ஆனது. 2016இல் வந்த 48ஆம் பதிப்பில்தான் பக்கங்களைத் தனி ப்ராசஸுக்கு நகர்த்த ஆரம்பித்தார்கள்.

தனிக் குடித்தனத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்பு, தனி அம்மி, தனித் தண்ணீர்த் தொட்டி வேண்டும். ஒரு ப்ராசஸ் என்றால், அதற்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எந்திரமும் பக்கத்தை வரையும் எந்திரமும் தங்களுக்கென்று கொஞ்சம் மெமரியை எடுத்துக் கொள்ளும். நிரலின் சில பகுதிகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ள முடியும் என்றாலும் மொத்தத்தையும் முடியாது. பக்கங்களுக்கு மட்டுமல்ல, திரையில் வரைவதற்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷன்களுக்குச் சில என்று தனி ப்ராசஸ்கள் வேறு. 23 வரி இப்படித்தான் வந்தது. அவற்றில் எதுவும் அப்பா செய்த தப்பு இல்லை. அவருக்காக எழுப்பப்பட்ட சுவர்கள் அவை.

ஆனால் 2008இல் எழுப்பிய சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அதில் செய்தித்தாள் மட்டும் இருப்பதில்லை. அதன் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களில் வேறு தளங்களிலிருந்து வரும் விளம்பரங்கள், வீடியோக்கள் இருக்கும். இவர்கள் உள்வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரருடைய ப்ராசஸிலேயேதான் இவர்களும் குடியிருந்தார்கள். நடுவே பிரவுசர் ஒரு திரைச்சீலையைக் கட்டி, 'நீ அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது' என்று விதி வைத்திருந்தது. விதியை எல்லோரும் மதிக்கும் வரைக்கும் திரைச்சீலை போதும்.

*

2018 ஜனவரி 3ஆம் தேதி அந்தத் திரைச்சீலை கிழிந்தது. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு ஓட்டைகள் அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டன. ஓட்டை பிரவுசரில் இல்லை, அதற்கும் அடியில், சிபியுவுக்குள் இருந்தது.

ஸ்பெக்டரை ஒரு டீக்கடை உதாரணத்தில் சொல்லிவிடலாம். தினமும் வருகிற வாடிக்கையாளர் தெருமுனையில் தெரிந்ததுமே, மாஸ்டர் அவருடைய வழக்கமான ஸ்ட்ராங் காபியைப் போட ஆரம்பித்துவிடுகிறார். நேரம் மிச்சம். அன்றைக்கு அவர் வந்து "டீ" என்று சொன்னால், போட்ட காபியைக் கொட்டிவிட்டு டீ போடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் காபி ஊற்றிய தம்ளர் இன்னும் சூடாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற ஒருவன் தம்ளர்களைத் தொட்டுப் பார்த்தே, இவர் வழக்கமாக என்ன குடிப்பவர் என்று கண்டுபிடித்துவிடலாம். நவீன சிபியுக்களும் இப்படித்தான் வேகம் பிடிக்கின்றன. அடுத்து என்ன கேட்கப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்து பார்க்கின்றன, ஊகம் தப்பானால் விடையைத் தூக்கிப் போட்டுவிடுகின்றன. விடை போய்விடும், ஆனால் சிபியுவின் கேஷ் நினைவகத்தில் அதன் சூடு மிச்சமிருக்கும். எந்தத் தகவல் சீக்கிரம் வருகிறது, எது தாமதமாக வருகிறது என்று நேரத்தை அளந்தே ஒரு நிரல் தான் பார்க்கக் கூடாததைப் படித்துவிடலாம்.

அதாவது, ஒரே ப்ராசஸுக்குள் இருக்கும் இருவருக்கு நடுவே எந்த விதியை வைத்தாலும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டது. ஆகவே 2018 மே மாதம் வெளிவந்த குரோம் 67இல், கணினிகளுக்கு சைட் ஐசொலேஷனைப் பொது நடைமுறையாக்கினார்கள். ஒரு பக்கத்துக்குள்ளேயே வேறு தளத்துக் கட்டம் இருந்தால் அதற்கும் தனி ப்ராசஸ். உள்வாடகைக்காரருக்கும் செங்கல் சுவர். ஃபயர்ஃபாக்ஸும் 2021 வாக்கில் இதே ஏற்பாட்டுக்கு வந்தது. கூகுளே சொன்ன கணக்குப்படி, இதனால் கூடுதலாகும் மெமரி நடைமுறையில் சுமார் 10 முதல் 13 சதவீதம்.

அந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். நான் அப்பாவின் லேப்டாப்பில் சுவரை இடித்து மிச்சம் பிடித்தது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அன்று லேப்டாப் வேகமானதற்கு மூடிய டேப்களும் ரீஸ்டார்ட்டுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு எது வேலை செய்தது என்று பார்க்காமல் விடுவது, எங்கள் தொழிலில் முதல் வருடப் பையனைத் திட்டுகிற தப்பு. அப்பா வேகத்தைப் பார்த்தார். இடிந்த சுவரை அவரால் பார்க்க முடியாது, ஏனென்றால் இருந்தபோதும் அவர் அதைப் பார்த்ததில்லை.

*

2021 மார்ச்சில் கூகுளின் பாதுகாப்புக் குழு ஒரு செயல்விளக்கம் வெளியிட்டது. ஒரு சாதாரண வலைப்பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், ஸ்பெக்டர் வழியாகத் தான் இருக்கும் ப்ராசஸின் மெமரியைப் படித்துக் காட்டியது. இன்டெல் ஸ்கைலேக் சிபியுவில், குரோம் 88இல், விநாடிக்கு 1 கிலோபைட் வேகம். கேட்க மெதுவாகத் தோன்றும். ஒரு பாஸ்வேர்டு பத்துப் பன்னிரண்டு எழுத்துதான்.

அலுவலக வேலையாக அதைப் படித்துக் கொண்டிருந்தேன். பாதியில் அப்பாவின் லேப்டாப் ஞாபகம் வந்தது.

அதற்குள் கொரோனா வந்து அப்பாவின் வாழ்க்கை முழுக்க அந்த லேப்டாப்புக்குள் போயிருந்தது. பென்ஷன், டெபாசிட் புதுப்பித்தல், கரண்ட் பில், அத்தை மருந்துக்கு அனுப்புகிற பணம், எல்லாம். பேப்பர் படிப்பதும் அதே பிரவுசரில்தான், டஜன் விளம்பரங்களோடு. போனில் கூப்பிட்டு, இந்தப் பக்கத்தைத் திறங்க, இந்த வரியில இதை மாத்துங்க என்று சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. நான் கூப்பிடவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மாற்றிவிடலாம் என்று நினைத்துக் கொண்டேன். அடுத்த மாதம் இரண்டாவது அலை. போகவே முடியவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். சோம்பல் இல்லை. போனில் சொன்னால், "எதுக்குடா இது?" என்று கேட்பார். 2019இல் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டி வரும். 2019இல் நான் செய்தது அவசரம். 2021இல் செய்தது மறைப்பு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

அப்பாவின் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை. அப்படியானால் இதில் தப்பு எங்கே? இந்தக் கேள்வியைத் தத்துவத்தில் நேரடியாக எடுத்துப் பேசியிருக்கிறார்கள். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவரும் 1976இல் 'மாரல் லக்' என்ற தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் எடுத்துக் கொண்ட சிக்கல். நேகல் ஒரு லாரி டிரைவரை உதாரணம் காட்டுகிறார். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டி எடுத்தவன். வழியில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அவன் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. குழந்தை வராவிட்டால் பிரேக்கை அவனே மறந்துவிடுவான். டிரைவர் செய்தது இரண்டிலும் ஒன்றுதான். குழந்தை வந்ததா இல்லையா என்பது அவன் கையில் இல்லாதது. ஆனாலும் நாம் இருவரையும் ஒரே மாதிரி தீர்ப்பிடுவதில்லை.

நான் குழந்தை வராத டிரைவர். நேகலைப் படித்தால் எனக்கு வெட்கம் வருகிறது, ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதில்லை. அதைச் சொன்னது அப்பாதான்.

*

2022 பொங்கலுக்குப் போனேன். பையில் 1,800 ரூபாய்க்கு வாங்கிய 4 ஜிபி மெமரி. திட்டம் எளிது. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி மெமரியைச் செருகுவேன். பிரவுசரில் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றுவேன். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிடுவேன். லேப்டாப் உண்மையாகவே வேகமாகும், சுவரும் எழும்பிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சரி செய்துவிட்டால் போதாதா?

அப்பா கூட்டுறவு வங்கி ஒன்றில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். ஸ்க்ரூ கழற்றும்போது பார்த்தார், மெமரி செருகும்போது பார்த்தார், பிரவுசரின் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் பார்த்தார். "போன தடவயும் இங்கதான் எதையோ மாத்தின, இல்ல?" என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேஷியருக்கு நினைவு அப்படி.

சொல்லிவிட்டேன். ஒண்டுக் குடித்தனம், உள்வாடகை, டீக்கடைத் தம்ளர் எல்லாவற்றையும் அங்கேதான் முதலில் சொன்னேன். இந்தக் கட்டுரையில் இருப்பது அன்று அப்பாவுக்காகத் தேடிப் பிடித்த உதாரணங்கள். நான் பயந்த மாதிரி அவருக்குப் புரியாமல் போகவில்லை. கால் மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி, தெரியுமில்ல?" என்றார். தெரியும். ஒன்று கேஷியரிடம், ஒன்று மேனேஜரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். "ஒரு நாள் மேனேஜர் பொண்ணு பாக்க வராங்கன்னு சீக்கிரம் கெளம்பணும்னார். அவர் சாவியையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன்னார். எம்மேல நம்பிக்கை. நான் வாங்க மாட்டேன்னுட்டேன். அவருக்குக் கோவம்."

"நீங்க எடுத்திருக்க மாட்டீங்களேப்பா."

"எடுத்திருக்க மாட்டேன். காலைல எண்ணினா கணக்கு டேலி ஆயிருக்கும். டேலி ஆச்சுன்னா ராத்திரி ரெண்டு சாவியும் ஒருத்தன்கிட்ட இருந்தது சரின்னு ஆயிடுமா?"

நான் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "இன்னொண்ணு. கேஷ் ஐநூறு ரூவா குறைஞ்சா கைலேர்ந்து போட்டு சரி பண்ணிடக் கூடாது. நம்ம காசுதானேன்னு தோணும். அன்னிக்கு சாயங்காலமே ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதாம போட்டவனத்தான் மொதல்ல சஸ்பெண்ட் பண்ணுவாங்க."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. 'ஆபத்து எதுவும் நடக்கலியே, விடு' என்பார், அல்லது கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. நேகலின் டிரைவர் விஷயத்தில் எனக்குச் சிக்கலாக இருந்ததை ஒரு வேலை ஒழுங்காக மாற்றிச் சொல்லிவிட்டார். விளைவு வரும் வராது, அது நம் கையில் இல்லை. சாவி யாரிடம் இருந்தது, அன்று சாயங்காலம் எழுதினோமா என்பது நம் கையில் இருக்கிறது. 1,800 ரூபாய் மெமரி என்பது நான் கையிலிருந்து போட்ட ஐநூறு.

என் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் தெரியாதவருக்காக முடிவெடுப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். டாக்டர் ஒவ்வொரு மாத்திரையின் பக்கவிளைவையும் வரிசையாகச் சொல்லிவிட்டா எழுதுகிறார்? உண்மைதான். ஆனால் டாக்டர் நோயாளியின் உடம்பைப் பார்த்து முடிவெடுக்கிறார். அன்று நான் பார்த்தது ரயில் நேரத்தை. சரியான வைத்தியம் 1,800 ரூபாய், என் ஒரு நாள். அதற்குப் பதிலாக எனக்குச் செலவே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செலவு இல்லாமல் போகவில்லை, அப்பாவின் கணக்கில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். அதோடு, என்ன மருந்து என்று அவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

'சொன்னா புரியாது' என்பதை எங்கள் தொழிலில் தினமும் சொல்கிறோம். யாருக்கும் புரியாத ஒன்றை யாருக்காகவோ முடிவு செய்துவிட்டு, அவர்கள் சந்தோஷமாக இருப்பதைக் காட்டி நாம் சரிதான் என்று சொல்லிக் கொள்கிறோம். 32 ஜிபி கணினியில் உட்கார்ந்து ஒரு வலைப்பக்கத்தை எழுதி, அது 4 ஜிபி லேப்டாப்பில் மூச்சுத் திணறும்போது, அந்தப் பக்கத்து மனிதர் 'நான் ஒரு தடவதானே திறந்தேன்' என்று தன்மேல் சந்தேகப்படுகிறார். புரியாது என்பது பல சமயம் பொய். விளக்க உட்கார்ந்தால் நாம் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதும் வெளியே வந்துவிடும். அதுதான் தயக்கம்.

*

அப்பா கடைசியாக ஒன்று கேட்டார். "உங்கம்மா போன்ல இந்தச் சுவரு இருக்கா?"

அம்மாவின் போன் என்னுடைய பழைய போன். 1 ஜிபி மெமரி.

2019 அக்டோபரில், நான் தீபாவளிக்கு ஊருக்குப் போன அதே மாதம், ஆண்ட்ராய்டு குரோமிலும் சைட் ஐசொலேஷன் வந்துவிட்டது என்று கூகுள் அறிவித்திருந்தது. போனில் மெமரி குறைவு என்பதால் எல்லாத் தளத்துக்கும் தர முடியாது, பாஸ்வேர்டு போடுகிற தளங்களுக்கு மட்டும். அதுவும் குறைந்தது 2 ஜிபி மெமரி உள்ள போன்களுக்கு மட்டும். இதை அவர்கள் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார்கள். காரணமும் நியாயமானதுதான். 1 ஜிபி போனில் சுவர் கட்டினால் பிரவுசரே திறக்காது. திறக்காத பிரவுசரால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த முடிவை எடுத்த பொறியாளர்களின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒருவேளை அதே கோட்டைத்தான் போட்டிருப்பேன்.

அப்படியென்றால் அவர்களும் நானும் ஒன்றா? இல்லை. அவர்கள் அளந்து பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது பொறியாளர்கள் படிக்கும் இடத்தில் இருந்தது. அம்மாவின் போன் திரையில் எதுவும் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சுவர் இல்லை. ஒருவருக்கு மகன் எடுத்துவிட்டான், இன்னொருவருக்கு அவர் கையிலிருந்த போனின் விலை எடுத்துவிட்டது. பழைய போனை வாங்கிக் கொள்ளும்போது அம்மாவுக்கு மெதுவாக ஓடும் என்று தெரியும், கேமரா சுமார் என்று தெரியும். இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடுத்தவன் நான்.

சுவர் எல்லோருக்கும் ஒரே தடிமனில் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெமரி என்பது காசு, காசு எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. பொறியியல் என்பதே எங்கே எதைக் குறைப்பது என்ற கணக்குதான். ஆனால் குறைத்ததை யாருடைய வீட்டில் குறைத்தோமோ, அவரிடம் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். சொன்னால், பேங்க் வேலையை அந்தப் போனில் செய்ய வேண்டாம் என்று அவரே முடிவெடுக்கலாம். காசு சேர்த்து வேறு போன் வாங்கலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், அது அவர் பாடு. சொல்லாவிட்டால் அந்த மூன்று வழிகளையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

அப்பாவிடம் "இல்லப்பா, அம்மா போன்ல இல்ல" என்று சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "இங்க வா, உம்பையன் ஒண்ணு சொல்றான், கேளு" என்று கூப்பிட்டார். அம்மா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக் கொண்டே வந்து நின்றாள். நான் மறுபடியும் டீக்கடையிலிருந்து ஆரம்பித்தேன்.